ஃப்ளிப் 7 ரிவ்யூ: அப்பத்தால இருந்து பேரன் வரைக்கும் ஒரே கட்டு

எல்லா வயசுக்காரங்களும் ஒண்ணா உக்காந்து ஆடுற மாதிரி, ரூல்ஸ் சொல்லிக் குடுக்கவே அரை மணி நேரம் போகாத மாதிரி ஒரு கார்டு கேம் சொல்லுங்கன்னு கேக்குறவங்களுக்கு இப்ப நான் யோசிக்காம சொல்ற பேரு ஃப்ளிப் 7. 2024ல வந்தது, டிசைன் பண்ணவர் எரிக் ஓல்சன், வெளியிட்டது அமெரிக்காவுல இருக்குற தி ஆப் கேம்ஸ். 3 பேர்ல ஆரம்பிச்சு எத்தனை பேர் வேணும்னாலும் ஆடலாம், 8 வயசு ஆகியிருக்கணும், 20 நிமிஷத்துல முடிஞ்சுரும்னு பெட்டில போட்டிருக்கும். உலகத்துலயே பெஸ்ட் கார்டு கேம்னும் அதே பெட்டில போட்டிருக்காங்க, அந்த அளவுக்கு நான் போக மாட்டேன், ஆனா ஆறேழு பேர் கூடுற ஒரு வீட்டுக்கு இதவிட பொருத்தமா ஒண்ண நான் இன்னும் பாக்கல. ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஆன்லைன்ல படிச்சா "ஜாலியா இருக்கு, லக் கேம்" அப்படின்னு ரெண்டு வரில முடிச்சிடுறாங்க, உள்ள இருக்குற விஷயத்த யாரும் பேசுறதில்ல.

முதல்ல ஆட்டம் என்னன்னு. ஒருத்தர் டீலர். ஆளுக்கு ஒரு கார்டு போடுவாரு, கைல மறைச்சு வச்சுக்கிறதெல்லாம் கிடையாது, எல்லாருக்கும் தெரியுற மாதிரி நிமித்திப் போடணும். அப்புறம் ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே வருவாரு, இன்னொண்ணு வேணுமா இல்ல போதுமான்னு. எங்க வீட்டுல போடு, போதும், இவ்வளவுதான் பேச்சு. உங்க முன்னாடி சேருற நம்பர் எல்லாம் வேற வேறயா இருக்குற வரைக்கும் பாய்ண்ட் ஏறிக்கிட்டே போகும். ஏற்கனவே இருக்குற நம்பர் இன்னொரு தடவ வந்துச்சுன்னா பஸ்ட், அதாவது அவுட், அந்த ரவுண்டுல சேத்தது மொத்தமும் போச்சு. முந்தின ரவுண்டுகள்ல எழுதி வச்சது போகாது, இந்த ரவுண்டுதான் காலி. அதுக்கு முன்னாடியே போதும்னு சொல்லிட்டா இருக்குறத எழுதிக்கலாம், ஆனா அந்த ரவுண்டு முடியுற வரைக்கும் வேடிக்கைதான். ஏழு வேற வேற நம்பர் சேத்துட்டா அதான் ஃப்ளிப் 7, கூட 15 பாய்ண்ட், ரவுண்டும் அந்த இடத்துலயே முடிஞ்சுரும், மத்தவங்க யாரு பஸ்ட் ஆகாம இருக்காங்களோ அவங்களும் இருக்குறத எழுதிக்குவாங்க. யாராவது 200 தொட்ட ரவுண்டு முடிவுல யாருக்கு அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க. ரூல்ஸ் அவ்வளவுதான், மத்தத ஆடும்போதே சொல்லிக்கலாம்.

சரி, இதுல என்ன பெருசா இருக்குன்னு கேட்டா, அந்தக் கட்டுதான். சாதா சீட்டுக்கட்டுல எல்லா நம்பரும் நாலு நாலுதான இருக்கும், இதுல அப்படி இல்ல. 12ன்ற நம்பர் 12 கார்டு இருக்கு, 11ன்றது 11 கார்டு, 10ன்றது 10, இப்படியே கொறஞ்சுக்கிட்டே வந்து 2 ரெண்டு கார்டு, 1 ஒண்ணே ஒண்ணு. சைபரும் ஒண்ணே ஒண்ணு. மொத்தம் 79 நம்பர் கார்டு. அதோட 9 ஆக்ஷன் கார்டு, 6 எக்ஸ்ட்ரா பாய்ண்ட் கார்டு, ஆகக்கூடி 94.

இப்ப இத யோசிச்சுப் பாருங்க. 12 வந்தா சந்தோஷம், ஒரே கார்டுல 12 பாய்ண்ட். ஆனா அதே 12 உள்ள இன்னும் 11 கெடக்கு. 3 வந்தா வெறும் மூணு பாய்ண்ட்தான், ஆனா அத வச்சு நீங்க பஸ்ட் ஆகணும்னா உள்ள ரெண்டே ரெண்டு கார்டுதான் இருக்கு. எது நெறைய குடுக்குதோ அதுவேதான் நெறைய கவுக்குது. இதுக்கு நான் ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கேன், பசங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்திருக்கேன்: உங்க முன்னாடி இருக்குற நம்பரையெல்லாம் கூட்டுங்க, எத்தனை கார்டு இருக்கோ அத கழிங்க, வர்றதுதான் உங்கள கவுக்கக்கூடிய கார்டோட எண்ணிக்கை (புதுக் கட்டுன்னு வச்சுக்கிட்டா, சைபர் இருந்தா அத எண்ணாம விட்டுருங்க). 12, 11, 10 வச்சிருக்கீங்களா, கூட்டினா 33, மூணு கார்டு கழிச்சா 30, மிச்சம் இருக்குற 91 கார்டுல 30 கார்டு உங்களுக்கு ஆப்பு, கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு. 1, 2, 3 வச்சிருக்கீங்களா, கூட்டினா 6, கழிச்சா 3, அதே 91ல வெறும் 3. அதாவது உங்க பாய்ண்டும் உங்க ஆபத்தும் ஏறக்குறைய ஒரே நம்பர். சம்பாதிக்க சம்பாதிக்க பயம் அதே அளவுக்கு கூடுது, இத டிசைனர் தனியா ஒரு ரூல் எழுதி கொண்டு வரல, கட்டுல எத எத்தனை வைக்கிறதுன்றத வச்சே கொண்டு வந்துட்டாரு. நான் ஆடின லக் கேம்கள்ல இவ்வளவு சுத்தமா ஒரு கட்டு அமைஞ்சு பாத்ததில்ல.

இன்னொரு நல்லது, இந்தக் கணக்கு தெரியாதவங்களுக்கும் இது தானா புரியுது. பெரிய நம்பர்னா நெறைய இருக்கு, சின்ன நம்பர்னா கம்மியா இருக்கு, இத ஒரு தடவ சொன்னா போதும், ஒம்போது வயசு பையனுக்கும் எழுவது வயசு அம்மாவுக்கும் ஒரே நேரத்துல புரியுது. ரெண்டு பேரும் ஒரே தரத்துல ஆடுறாங்க, யாரும் யாருக்கும் விட்டுக் குடுக்க வேண்டியதில்ல, அதான் எனக்கு முக்கியம். சின்னப் பசங்க ஜெயிக்கணும்னு பெரியவங்க வேணும்னே தோக்குறது இருக்கே, அது பசங்களுக்கு சீக்கிரமே தெரிஞ்சு போகும், அப்புறம் அவங்களுக்கே அந்த ஆட்டத்துல ஆர்வம் போயிரும்.

எப்ப நிறுத்துறதுன்னு பேப்பர்ல உக்காந்து போட்டும் பாத்தேன். மூணு நாலு கார்டுல நம்பர் மொத்தம் 25 பக்கத்துல வந்துட்டா, புதுக் கட்டா இருந்தா, அடுத்த கார்டுல கிடைக்கப் போறதவிட இழக்கப் போறதுதான் அதிகம். உதாரணத்துக்கு 12, 8, 5, 3 வச்சிருந்தா 28, கவுக்குற கார்டு 24, மிச்சம் 90 கார்டுல அது நாலுல ஒண்ணுக்கும் மேல. கணக்குப்படி நிறுத்தணும். ஆனா எங்க வீட்டுல 28ல நிறுத்துற ஆள் எங்கம்மா மட்டும்தான், அவங்கதான் அடிக்கடி ஜெயிக்கிறதும். எங்கக்கா நேர் எதிர், ஏழாவது கார்ட பாக்காம எந்திரிக்க மாட்டா. போன தடவ எல்லாரும் ஊர்ல கூடினப்ப அவ முன்னாடி 12, 9, 8, 6, 4, 2, ஆறு கார்டு, 41 பாய்ண்ட். மத்தவங்க எல்லாம் ஒண்ணு பஸ்ட், இல்ல நிறுத்தியாச்சு. மாமா பக்கத்துல உக்காந்து "நாப்பத்தொண்ணு வந்துருச்சுல்ல, போதும்னு சொல்லு"ன்னு சொல்றாரு, இவ அவரு மூஞ்சிய கூட பாக்கல, போடுன்னா. வந்தது பிளஸ் 10, எக்ஸ்ட்ரா பாய்ண்ட் கார்டுல ஒண்ணு. அது நம்பர் கார்டு இல்ல, அதனால ஏழுல சேராது, இப்ப 51. இதுக்கு மேல என்ன வேணும், மொத்த வீடும் நிறுத்து நிறுத்துன்னு கத்துது, டீலரா இருந்த என் பையன் கார்டை எடுத்து குப்புற வச்சுக்கிட்டு "அத்தை, கடைசியா கேக்குறேன்"ன்றான். போடுன்னா. 7. அது அவகிட்ட இல்லாத நம்பர். 48, அதோட 10, அதோட 15, ஒரே ரவுண்டுல 73. அடுத்த ரவுண்டே மூணாவது கார்டுல பஸ்ட் ஆனா, அதுவும் நடந்துச்சு, ஆனா அத யாரும் ஞாபகம் வச்சிக்கல.

இங்க ஒண்ணு கவனிச்சீங்கன்னா, அந்த நேரத்துல ஆடிக்கிட்டு இருந்தது ஒரே ஒரு ஆள், மத்த ஏழு பேருக்கும் அந்த ரவுண்டு முடிஞ்சு போச்சு. ஆனா ஒருத்தர் கூட போனை எடுக்கல. வேற எந்த கேம்லயும் அவுட் ஆனவங்க எந்திரிச்சு போயிருவாங்க, இல்லன்னா டிவி பக்கம் திரும்பிருவாங்க. இதுல கார்டு எல்லாம் தொறந்து கெடக்குறதால அவுட் ஆனவங்களும் அவங்க நெஞ்சுல கை வச்சுக்கிட்டு பாக்குறாங்க, அடுத்தவங்க பஸ்ட் ஆகணும்னு ரெண்டு பேரு வேண்டிக்கிறாங்க, ஆகக் கூடாதுன்னு ரெண்டு பேரு வேண்டிக்கிறாங்க.

கட்டை ரவுண்டுக்கு ரவுண்டு கலைக்கக் கூடாது, இது நெறைய பேர் கவனிக்காம விடுற ரூல். ஆடி முடிச்ச கார்டை ஓரமா வச்சுட்டு மிச்ச கட்டை அப்படியே அடுத்த ஆளுட்ட குடுக்கணும், அவர்தான் அடுத்த டீலர். கட்டு தீந்தாத்தான் ஓரமா வச்சத எடுத்துக் கலைச்சுப் போடணும். அப்ப என்ன ஆகுதுன்னா எது போச்சு எது உள்ள இருக்குன்னு ஞாபகம் வச்சிருக்கிறவனுக்கு லாபம். என் பையன் இதுல கெட்டி. "அப்பத்தா, போதும்னு சொல்லிரு, பன்னெண்டு இதுவரைக்கும் நாலுதான் வந்திருக்கு, மிச்சம் எட்டும் உள்ளதான் கெடக்கு" அப்படின்னு ஆள் ஆளுக்கு அட்வைஸ் குடுத்துக்கிட்டு இருப்பான். ஸ்கூல் கணக்கு புக்க தொறக்க வைக்கிறதே பெரும்பாடு, இங்க யாரும் கேக்காமலேயே கழிச்சு கழிச்சு சொல்றான். லக் கேம்தான், ஆனா மூளைய தூக்கி ஓரமா வச்சுட்டு ஆடுற லக் கேம் இல்ல. முக்கியமா கட்டு முடியப் போற நேரத்துல, கடைசி பதினஞ்சு இருவது கார்டுல, ஞாபகம் இருக்குறவன் சொல்றதுக்கு எல்லாரும் காது குடுப்பாங்க.

ஆக்ஷன் கார்டுக்கு வருவோம். மூணே வகை, வகைக்கு மூணு கார்டு. ஃப்ரீஸ் வந்தா யாராவது ஒருத்தர் மேல போடலாம், அவர் இருக்குற பாய்ண்டோட அந்த ரவுண்டுல இருந்து வெளிய. ஃப்ளிப் த்ரீ வந்தா யாரு மேல போடுறீங்களோ அவர் அடுத்த மூணு கார்டையும் வாங்கியே ஆகணும், நடுவுல பஸ்ட் ஆனாலோ ஏழு சேந்தாலோதான் நிக்கும். செகண்ட் சான்ஸ் வந்தா வச்சுக்கலாம், அதே நம்பர் திரும்ப வந்தா புதுசா வந்த அந்தக் கார்டையும் செகண்ட் சான்ஸையும் சேத்து தூக்கிப் போட்டுட்டு பொழச்சுக்கலாம். ஒரு ஆளு ஒண்ணுதான் வச்சுக்க முடியும், ரெண்டாவதா வந்தா இல்லாத ஒருத்தருக்கு தானமா குடுக்கணும், அந்த ரவுண்டுல பயன்படுத்தலன்னா அதோட போச்சு.

முதல் பார்வைக்கு ஃப்ரீஸும் ஃப்ளிப் த்ரீயும் அடுத்தவன கவுக்குற கார்டு மாதிரி தெரியும். ஆடி ஆடித்தான் அதோட ரெண்டாவது பக்கம் தெரியும். ஆறு கார்டு, 45 பாய்ண்டோட கை நடுங்கிக்கிட்டு இருக்குறவனுக்கு ஃப்ரீஸ் போட்டா அது தண்டனை இல்ல, அவன் உங்களுக்கு கும்புடு போடுவான். அதே ஃப்ரீஸ முதல் கார்டா 3 வாங்கின ஆள் மேல போட்டுப் பாருங்க, அந்த ரவுண்டுக்கு அவருக்கு மொத்தமே மூணு பாய்ண்ட்தான். ஃப்ளிப் த்ரீயும் அப்படித்தான், 2, 4 வச்சிருக்கிற ஆள் அத தன் மேலயே போட்டுக்கலாம், பயம் கம்மி. 12, 11 வச்சிருக்கிற ஆள் மேல போட்டா கதை வேற. கையில ஃப்ரீஸ் வந்தா அது நமக்கா அடுத்தவனுக்கான்னு முடிவு பண்ற அந்த அஞ்சு செகண்டுலதான் குடும்பத்துல யாரு யாரு எப்படின்னு தெரியும். எங்கம்மா யாரு மேலயும் போட மாட்டாங்க, "நம்ம புள்ளைங்கதான, எதுக்கு"ன்னு தன் மேலயே போட்டுக்குவாங்க. என் தம்பி பொண்டாட்டி அப்படி எல்லாம் பாக்காது, ஸ்கோர் நோட்ட ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு யாரு முன்னாடி போறாங்களோ நேரா அவங்க மேலதான். மாமா ஒரு தடவ 186ல நின்னாரு, இன்னும் 14 இருந்தா முடிச்சிரலாம், முன்னாடி 12, 11 கெடக்குது, ஒரு வார்த்த போதும்னு சொன்னா ஆட்டம் அவருக்கு, அவர் டர்ன் வர்றதுக்கு முன்னாடியே தம்பி பொண்டாட்டிக்கு ஃப்ளிப் த்ரீ வந்துருச்சு. "அண்ணே தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே அவர் பக்கம் தள்ளுச்சு. முதல் கார்டு 5. ரெண்டாவது 11. அதோட போச்சு, மூணாவது கார்டுக்கு வேலையே இல்ல. மாமா சிரிச்சுக்கிட்டேதான் எந்திரிச்சாரு, ஆனா அடுத்த ஆட்டத்துல அவருக்கு வந்த ஃப்ரீஸ் எங்க போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எக்ஸ்ட்ரா பாய்ண்ட் கார்டு ஆறும் இப்படி: பிளஸ் 2, 4, 6, 8, 10, அப்புறம் ஒரு டபுள் கார்டு. டபுள் கார்டு நம்பர மட்டும்தான் ரெண்டாக்கும், பிளஸ் கார்டையும் 15 போனஸையும் ஆக்காது, முதல்ல டபுள் பண்ணிட்டு அப்புறம்தான் மத்தத கூட்டணும். இதுல வீட்டுக்கு வீடு சண்டை வரும், அதனால ஆரம்பத்துலயே சொல்லிருங்க. கணக்குப் பிரியர்களுக்கு ஒரு விஷயம்: ஒரே ரவுண்டுல அதிகபட்சம் எவ்வளவு எடுக்க முடியும்னு பாத்தா 12ல இருந்து 6 வரைக்கும் ஏழு நம்பர் 63, டபுள் ஆனா 126, அஞ்சு பிளஸ் கார்டும் சேந்தா 30, போனஸ் 15, மொத்தம் 171. என்னதான் அதிர்ஷ்டம் அடிச்சாலும் ஒரே ரவுண்டுல 200 எடுக்க முடியாது. பஸ்ட் ஆனா பிளஸ் கார்டும் டபுளும் எல்லாம் சேந்துதான் போகும், அதான் டபுள் கையில வந்தவன் மூஞ்சில சந்தோஷமும் பீதியும் ஒண்ணா தெரியும்.

அந்த சைபர் கார்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாய்ண்ட் ஒண்ணும் கெடையாது, முதல் தடவ வாங்குனவங்க ஐயோன்னுதான் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் இருக்குறதால அது உங்கள கவுக்கவே கவுக்காது, ஏழுல ஒண்ணா மட்டும் சேரும். ஃப்ளிப் 7 நோக்கிப் போறவங்களுக்கு அது தங்கம்.

எங்க வீட்டுல இது உள்ள வந்ததுல இன்னொரு விஷயம் இருக்கு. எங்கம்மாவுக்கு சீட்டுன்னாலே ஆகாது. ஊர்ப்பக்கம் சீட்டாடி நெலம் நகையெல்லாம் தொலச்சவங்கள பாத்து வளந்தவங்க, ரம்மி கட்டு வீட்டுக்குள்ள வந்தாலே சத்தம் போடுவாங்க, பசங்க கழுதை ஆடுறதுக்குக் கூட திண்ணைக்குத்தான் போகணும். இந்தக் கட்டுல இஸ்பேட் இல்ல, ஆட்டின் இல்ல, ராஜா ராணி இல்ல, வெறும் கலர் கலரா பெரிய பெரிய நம்பர். அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, நம்பர் தெரியும், ஆக்ஷன் கார்டு மூணு வகைதான்றதால ரெண்டு மூணு ரவுண்டுல படத்த பாத்தே பழகிட்டாங்க. மொழி தெரியணும்ன்ற அவசியமே இல்லாத கேம் பெரியவங்க இருக்குற வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு வாங்குறதுக்கு முன்னாடி நான் யோசிக்கல. போர்டு கேம் வாங்குற எல்லாருக்கும் நான் இத சொல்லுவேன், கார்டுல எழுத்து எவ்வளவு இருக்குன்னு பாத்து வாங்குங்க, நெறைய எழுத்து இருந்தா பெரியவங்க ஒதுங்கிருவாங்க, வாயத் தொறந்து காரணம் சொல்ல மாட்டாங்க, நீங்க ஆடுங்கப்பா நான் பாக்குறேன்னுதான் சொல்லுவாங்க.

எத்தனை பேருக்கு நல்லா இருக்கும்? மூணு பேருக்கு ஆடலாம், ஆனா சப்புன்னு இருக்கும், ஃப்ரீஸ் யாரு மேல போடுறதுன்றதுல சாய்ஸே இல்லாம போயிரும். அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் சூப்பர். பத்து பேர தாண்டினா டர்ன் வர்றதுக்கு நேரம் ஆகுது, மொத்த ஆட்டமும் 20 நிமிஷத்துல முடியாது, எங்களுக்கு எட்டு பேருக்கே அரை மணி நேரத்துக்கு மேலதான் போகும், ஏன்னா பேச்சு அதிகம். பெரிய கூட்டமா இருந்தா 200க்கு பதிலா 100ன்னு வச்சுக்கோங்க. ரெண்டு பேருக்குன்னா இத வாங்காதீங்க, ரெண்டு பேருக்கு வேற நல்ல கேம் நெறைய இருக்கு.

கொறை இல்லாம இல்ல. பெட்டில கார்டும் ரூல்ஸ் பேப்பரும்தான், ஸ்கோர் எழுத நீங்கதான் நோட்டு பேனா எடுக்கணும், ரவுண்டு ரவுண்டா எட்டு பேருக்கு கூட்டி எழுதுறது ஒரு ஆளுக்கு வேலை. இதுக்கு கணக்குல ஆர்வம் இருக்குற ஒருத்தர மாட்டி விட்டுருங்க, எங்க வீட்டுல அது என் பொண்ணு, அவ விட்டுக் குடுக்கவும் மாட்டா. எல்லாரும் கார்டை வரிசையா போட்டு வைக்கிறதால இடம் நெறைய வேணும், டைனிங் டேபிள் பத்தாது, தரையில பாய் விரிச்சு வட்டமா உக்காந்தாத்தான் வசதி, ஃபேன் மட்டும் கொறச்சு வைங்க. 94 கார்டை சின்னக் கை கலைக்க முடியாது, ரெண்டு மூணு பங்கா பிரிச்சு கலைச்சு சேக்கணும்.

அதவிட பெரிய கொறை ஒண்ணு. முதல் கார்டு குடுக்கும்போதே ஆக்ஷன் கார்டு வந்தா அப்பவே போட்டாகணும், அப்ப ஒரு கொழந்த தன் டர்ன் வர்றதுக்கு முன்னாடியே ஃப்ரீஸ் ஆகி ஒண்ணோ ரெண்டோ பாய்ண்டோட வெளிய உக்காரும். பெரியவங்களுக்கு அது சிரிப்பு, ஏழு எட்டு வயசு புள்ளைக்கு கண்ணுல தண்ணி வந்துரும், தம்பி மகனுக்கு வந்துச்சு. அதனால முதல் சுத்துல பசங்க மேல ஃப்ரீஸ் போடக் கூடாதுன்னு நாங்களே ஒரு ரூல் வச்சுக்கிட்டோம், ஆட்டம் ஒண்ணும் கெடல. கடைசி ரவுண்டுகள்ல எல்லாரும் சேந்து முதல்ல இருக்குறவர மட்டும் போட்டு அடிக்கிறதும் நடக்கும், அத தாங்கிக்க முடியாதவங்க வீட்டுல இருந்தா யோசிச்சுக்கோங்க. அப்புறம் இது லக் கேம்தான், எவ்வளவு கணக்கு போட்டாலும் ரெண்டாவது கார்டே பஸ்ட் ஆகுற நாள் வரும். செஸ், கேட்டான் மாதிரி உக்காந்து திட்டம் போட்டு ஜெயிக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு ஆறேழு ரவுண்டுல அலுத்துரும்.

இந்த வகை ஆட்டம் புதுசு இல்ல. சிட் சாக்சன் பண்ண கான்ட் ஸ்டாப் 1980லயே வந்தது, அதுல டைஸ், உருட்டிக்கிட்டே போகலாம், எப்ப நிறுத்துறதுன்றதுதான் கேள்வி. ஆலன் ஆர் மூனும் ப்ரூனோ ஃபைடூட்டியும் சேந்து 2005ல பண்ண டியமான்ட், இன்கன் கோல்டுன்னும் வரும், அதுல எல்லாரும் சேந்து ஒரு சுரங்கத்துக்குள்ள போயி யாரு எப்ப வெளிய ஓடுறதுன்னு ஒரே நேரத்துல முடிவு பண்ணணும், அதுவும் பெரிய கூட்டத்துக்கு அருமையா இருக்கும், ரெண்டும் கிடைச்சா ஆடிப் பாருங்க. ஊனோவோட ஒப்பிட்டா, ஊனோல கடைசி வரைக்கும் முடியாம இழுத்துக்கிட்டே போகுற ஆட்டம் இருக்கும்ல, கையில இருவது கார்டு வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு ஒரு புள்ள உக்காந்திருக்கும், இதுல அந்த நெலம இல்ல, பஸ்ட் ஆனாலும் அடுத்த ரவுண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். ஜெர்மனில வருஷா வருஷம் குடுக்குற ஸ்பீல் டெஸ் யாரெஸ் அவார்டுக்கு 2025ல கடைசி மூணுல இதுவும் இருந்துச்சு, ஜெயிச்சது பாம் பஸ்டர்ஸ். அது சேந்து ஆடுற கேம், அதுக்கு குடுத்தது சரிதான்னு எனக்கும் தோணுச்சு, ஆனா இவ்வளவு சின்ன ஒரு சீட்டுக்கட்டு அந்த வரிசைக்கு போனதே எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அதே கம்பெனி இதுக்கு அப்புறம் ஃப்ளிப் 7 வித் எ வெஞ்சன்ஸ்னு இன்னொண்ணும் விட்டிருக்காங்க, அதுல அடுத்தவங்க கார்டை எடுக்குறது, பாய்ண்ட் கொறைக்கிறதுன்னு நேரடியா தாக்குற விஷயம் அதிகம். காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், ஆபீஸ் கேங்குன்னா அது ஓகே. சின்னப் பசங்க, பெரியவங்க இருக்குற வீட்டுக்கு முதல்ல இந்த ஒரிஜினல வாங்குங்க, வாங்கும்போது பேர நல்லா பாத்து வாங்குங்க.

விலை அமெரிக்காவுல பத்து டாலர் பக்கம்தான். நம்ம ஊர்ல இம்போர்ட் ஆகி வர்றதால ரேட்டு கடைக்கு கடை, நேரத்துக்கு நேரம் மாறுது, அவசரப்படாம ரெண்டு மூணு இடத்துல பாத்து வாங்குங்க. கைக்கு வந்ததும் கார்டை எண்ணிப் பாத்துருங்க, 94 இருக்கணும், 12ல பன்னெண்டு, 11ல பதினொண்ணு, இப்படி ஒவ்வொண்ணும். ஒண்ணு ரெண்டு கொறஞ்சாலும் மேல சொன்ன கணக்கு எல்லாம் தப்பாயிரும். வெளிநாட்டுல இருந்து யாராவது ஊருக்கு வர்றாங்கன்னா சொல்லி விடலாம், பெட்டி சின்னது, பைல ஓரமா போயிரும். காசு போடுறதுக்கு முன்னாடி வீட்டுல செட் ஆகுமான்னு பாக்கணும்னா வெள்ளை அட்டைய ஒரே அளவா வெட்டி ஸ்கெட்ச் பேனால நம்பர் எழுதி 79 கார்டு மட்டும் பண்ணி, ஆக்ஷன் கார்டு இல்லாமலே ஒரு சாயங்காலம் ஆடிப் பாருங்க. ரெண்டாவது ரவுண்டுலயே யாராவது ஒருத்தர் பஸ்ட் ஆகிட்டு "இன்னொரு ரவுண்டு போடுங்க"ன்னு சொன்னாங்கன்னா ஆர்டர் போட்டுருங்க.